உங்கள் காதுகள் ஜெயித்துவிட்டன

என் அருமை ஹவில்தாருக்கு,

ஜெயிச்சுட்டோம்ங்க! நேற்றுத் தீர்ப்பு வந்துவிட்டது. உங்கள் காது போனது பட்டாளத்து வேலையால்தான் என்று ராணுவத் தீர்ப்பாயமே சொல்லிவிட்டது. ஊனமுற்றோர் ஓய்வூதியம் உங்களுக்கு உரியது என்றும் சொல்லிவிட்டது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

போன தையில் நீங்கள் போனதோடு, நான் நச்சரித்துப் போடவைத்த வழக்கும் போச்சு என்றுதான் நினைத்தேன். "வாரிசா நீங்க நடத்தலாம் ஆன்ட்டி" என்றாள் நம் வக்கீல் பெண். விடுவேனா?

நேற்றும் அரசுத் தரப்பு வக்கீல் பழைய பாட்டையே பாடினார். பீரங்கிச் சத்தத்தால் தொந்தரவு உண்டா என்று ஓய்வுபெறும்போது டாக்டர் கேட்டாராம். "ஒண்ணுமில்ல ஸாப்" என்றீர்களாம். பணிக்காலத்தில் ஒருநாள்கூடப் புகார் செய்யவில்லையாம். ஏங்க, அப்படியா சொன்னீர்கள்? எனக்கு அங்கேயே உங்கள் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

நீதிபதி பக்கத்தில் தீர்ப்பாய உறுப்பினராக உட்கார்ந்திருந்த முன்னாள் ராணுவ அதிகாரி என்னைப் பார்த்தார். "வீட்டுலயாவது சொன்னாராம்மா?"

எழுந்துவிட்டேன். "எங்கேங்க ஐயா சொன்னார்! பல்லைப் பிடுங்கினப்பவே ஒண்ணுமில்லைன்னவர். வலிக்குதுன்னு சொல்ற ஆளா இருந்தா நீங்க பீரங்கி பக்கத்துல நிறுத்தியிருப்பீங்களா?"

அந்த அதிகாரி சிரித்தேவிட்டார். அப்புறம்தான் நீதிபதி அரசு வக்கீலைக் கேட்டார்: "சேரும்போது காது நல்லா இருந்துச்சுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? வெளிய வரும்போது கேக்கலைன்னா, பணியால வரலைன்னு நிரூபிக்க வேண்டியது அவரா, நீங்களா?" அரசு வக்கீல் கோப்பைப் புரட்ட ஆரம்பித்தார்; நீதிபதி அங்கேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். அந்த நிமிஷம் நீங்கள் பார்த்திருக்க வேண்டுமே!

மாம்பலத்துக்கு ஆட்டோவில் வரும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க வீட்டுக்காரர் ஜெயிச்சுட்டார்ப்பா" என்றேன். "எந்தத் தொகுதிம்மா?" என்றார் டிரைவர். காது வழக்கு என்று விளக்கினேன். "அப்போ இப்ப நல்லா கேக்குதா அவருக்கு?" என்றார். தெருமுனை வரை அழுதுகொண்டே சிரித்தேன்.

சாயங்காலம் நங்கநல்லூரிலிருந்து உங்கள் மணி வந்தார், மனைவியோடு. உங்களோடு அதே பீரங்கியில் நின்றவர்தானே? "தம்பி, நீங்களும் மனு போடுங்க" என்றேன். "எனக்கு என்ன அண்ணி, நல்லாத்தானே இருக்கேன்" என்று ஜாங்கிரியை எடுத்தார். உங்கள் குரலையே கேட்ட மாதிரி இருந்தது.

நான் பேசாமல் அவர் முதுகுப் பக்கம் போய் நின்றேன். "மணி தம்பி" என்று கூப்பிட்டேன், சாதாரணக் குரலில்தான். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை கூப்பிட்டேன். அவர் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்குத் தெரியவரும்வரை அத்தனை வருஷமும் என் வாயைப் பார்த்துத்தான் பதில் சொன்னீர்களா நீங்களும்? என்னிடமாவது சொல்லியிருக்கலாமே?

திங்கட்கிழமை மணியை வக்கீலிடம் கூட்டிப்போகிறேன். காதுச் சோதனைக்கு டாக்டர்கள் முன்னால் நிற்கும் நாளிலும் கூடவே போவேன். "ஒண்ணுமில்ல ஸாப்" என்று வாயைத் திறந்தாரோ, அந்த இடத்திலேயே சண்டை போடுவேன். உங்களைத்தான் கடைசிவரை சொல்லவைக்க முடியவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே சொல்லவைக்கிறேன், இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்களுக்காக இன்னமும் கத்திக்கொண்டிருக்கும் மனைவி,
சரோஜா