பின்பக்கம் இல்லாத படம்

18 ஜூன் 1999, வெள்ளி

போன வருடம் காப்பார் சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோன தம்பி ரவியைப் பற்றி நான் கதை எழுத, நண்பன் செல்வம் படம் வரைகிறான். அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டோஸ்டேட் எடுத்துப் புத்தகமாக்கி வந்தோம். இனி அச்சு வேண்டாம், இணையம் போதும் என்று அவன் முடிவு செய்துவிட்டான். கனடாவில்கூடப் படிக்கிறார்களாம். கடைசி அத்தியாயத்தைக் காட்ட இன்று அம்மாவைப் பிரிக்ஃபீல்ட்ஸ் சைபர் கஃபேக்கு அழைத்துப் போனேன்; செல்வமும் வந்தான்.

திரையில் ரவி மோட்டார் சைக்கிளில் ஏறினான். செல்வம் மௌசை அழுத்தினான். அடுத்த படத்தில் வெறும் சாலை.

"ரவி எங்கய்யா?" என்றாள் அம்மா.

"போயிட்டான் ஆன்டி. கதையே அதான்."

"புக்குல தெரிவானே."

எங்கள் புத்தகத்தின் போட்டோஸ்டேட் தாள் மெல்லியது. விளக்கொளியில் பிடித்தால் மறுபக்கத்துப் படம் மங்கலாகத் தெரியும். ரவி இல்லாத பக்கங்களை அம்மா அப்படித்தான் இத்தனை நாளும் பார்த்திருக்கிறாள். எனக்கு இன்றுதான் தெரிந்தது.

"இதுல பின்பக்கம் இல்ல லா, ஆன்டி." செல்வம் முந்தைய படத்துக்குப் போய் ரவியைக் காட்டினான்.

"அங்க இருக்கான், சரி. ரோட்டுல இல்லையே."

வீட்டுக்குப் பஸ் அதே காப்பார் சாலையில்தான் திரும்பி வந்தது. எப்போதும் ஜன்னலோரம் கேட்பவள், இன்று என்னை ஜன்னல் பக்கம் தள்ளி உட்காரச் சொன்னாள்.