பதினைந்தாயிரம் ரூபாய் மிக்ஸி

புனேயில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு வல்லக்கோட்டையிலிருந்து லீலா எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். உங்கள் அப்பாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை.

போனில் சொல்லலாம்தான். மாமா பக்கத்திலேயே இருப்பார், நீங்களும் “கம்பெனில லைன் ஓடுது, அப்பறம் பேசறேன்” என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் உங்கள் பிளாண்டுக்குத் திரும்பும் சுபாஷ் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் தங்கச்சி அமலாவின் கல்யாணச் சீருக்கு மாமா டி.வி.யில் பார்த்து வாங்கினாரே, அந்த மிக்ஸிதான் இப்போது உயிரை எடுக்கிறது. பதினைந்தாயிரம் ரூபாய் மிக்ஸி, இன்றைக்கு மட்டும் ஐயாயிரம், இன்னும் பத்தே பேருக்கு என்று அந்தப் பெண் கத்து கத்தென்று கத்தினாள். நேற்றும் இதே பத்துப் பேர்தான் மாமா என்று தலையில் அடித்துக்கொண்டேன். கேட்டாரா? இத்தனை வருஷம் ஒரகடத்துக் கம்பெனி கேட்டில் நின்று, பெட்டி மேல் இருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து லாரியை உள்ளே விட்டவர். “டி.வி.காரி பொய் சொல்லுவாம்மா, பொட்டி மேல அச்சடிச்சது பொய் சொல்லுமா?” என்று என் வாயை அடைத்துவிட்டார்.

கல்யாணத்தில் சீர்வரிசை பரப்பியபோது, விலை அச்சடித்த பக்கத்தை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்ததும் அவரேதான். அமலாவின் மாமியார் சொர்ணம்மாளும் ஊரெல்லாம் பதினைந்தாயிரம் ரூபாய் மிக்ஸி என்று பீற்றிக்கொண்டு திரிந்தார்.

போன வாரம் அது புகைந்துவிட்டது. அந்தம்மா சிங்கப்பெருமாள் கோவில் பஜாரில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். கடைக்காரர் சிரித்துவிட்டு, “புதுசே ரெண்டாயிரத்துக்குள்ளதாம்மா, இதுக்குப் போயி ரிப்பேரா?” என்றாராம். அவ்வளவுதான். “மலிவு சாமான வாங்கி, வெலைய ஏத்தி ஒட்டிக்கினு வந்து எங்க தலையில கட்டிட்டீங்களே” என்று போனில் பிடித்துக்கொண்டார். நாங்களே ஏமாந்தோம் என்றால் யார் நம்புகிறார்கள்? காசைத் தொலைத்ததும் நாம், திருட்டுப் பட்டமும் நமக்கு!

மாமா அந்தச் சேனலுக்கு போன் போட்டார். பெட்டியில் இருப்பது அதிகபட்ச விலை சார், அதைவிடக் குறைத்துத்தானே கொடுத்தோம், இதில் பொய் எங்கே வந்தது என்று ஒரு பெண் தேனாகப் பேசினாள். அதோடு விட்டாளா? நீங்கள் பழைய கஸ்டமர், இன்னொன்று மூவாயிரத்துக்குத் தருகிறோம் என்றாளே! போனைப் பிடுங்கி கட் பண்ணினேன்.

அடுத்த ஞாயிறு அமலாவுக்கு வளைகாப்பு. முடிந்ததும் நாம்தான் பிரசவத்துக்கு அழைத்து வரவேண்டும். மாமா வரமாட்டேன் என்கிறார். “எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அந்த வூட்டு வாசப்படி ஏறுவேன்” என்கிறார். கத்தியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். அமலா அவருக்கு மேல். “அப்பா வந்து கூப்ட்டாத்தான் கெளம்புவேன் அண்ணி, இல்லன்னா இங்கியே பெத்துக்கறேன்” என்று வைத்துவிட்டாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது சரியாகத்தான் இருக்கிறது.

மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை. டி.வி. பக்கமே திரும்புவதில்லை. நேற்று நானே போட்டுவிட்டேன், எழுந்து வெளியே போய்விட்டார். அந்தச் சத்தத்துக்காக எத்தனை சண்டை போட்டிருப்பேன்! இப்போது வீடு இப்படிக் கிடப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

சூப்பர்வைசர் விடமாட்டார், ஓ.டி. இருக்கிறது என்ற கதையெல்லாம் வேண்டாம். வெள்ளிக்கிழமை ரயிலேறுங்கள். புடவை, பாத்திரம் எதுவும் வாங்கி வராதீர்கள். சொர்ணம்மாள் திட்டினால் நான் வாங்கிக்கொள்கிறேன், எனக்குப் பழக்கம்தான். நீங்கள் உங்கள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படி ஏறினால் போதும். “நீங்க யாரையும் ஏமாத்தல மாமா” என்று நான் எத்தனை முறை சொன்னாலும் மருமகள் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைக்கிறார். அதை மகன் வாயால் கேட்க வேண்டும் அவருக்கு.

வல்லக்கோட்டை முருகன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
லீலா