மூன்றாவது சுடர்

மே 3

மகாராணிக்கு,

இங்கே நலம். நீயும் நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாதே!

ஆஸ்பத்திரி வேலை முடிந்தது என்று போன மாதம் சொன்னேன். முடியவில்லை. மேற்குப் பக்கம் நாங்கள் மாட்டிய நூற்று அறுபத்து நாலு இரட்டைக் கண்ணாடியும் வெயிலைத் தடுக்கும் என்றுதான் வாங்கினார்கள். மத்தியானம் ஆனால் வார்டு வெந்துபோகிறது, ஏசிக்கே மூச்சு வாங்குகிறது. கட்டில்களை வராந்தாவுக்கு இழுத்துவிட்டார்கள். "உங்க ஜன்னல்ல முட்டை பொரிக்கலாம் மேஸ்திரி" என்றார் நர்சம்மா. எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

உங்கள் தொழிற்சாலைச் சரக்குதான். 'இந்தப் பக்கம் வெளியே' என்று நீ ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்துத்தான் மாட்டினோம். வீட்டில் ஒட்டும் டேப்பின் முனையை மடிப்பதுபோல அதன் மூலையை மடித்திருந்தாயே, ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். கோளாறு என்னவென்று உனக்குத் தெரிகிறதா?

களைத்துப்போன
உன் வீட்டுக்காரன்

மே 14

என்னங்க,

நீங்கள் என்னிடம் வந்து சேர மூன்று வருடம் அலைந்து வாங்கிய விசா ஆகஸ்டோடு முடிகிறது. மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க என் காலில் பலமில்லை. வராமலிருக்க வருடத்துக்கு ஒரு கட்டடம் உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது.

சரி, கேளுங்கள். அந்தக் கண்ணாடியில் ஒரு முகத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு உண்டு. இருட்டத் தொடங்கும்போது வெளியே சாரத்தில் நின்று தீக்குச்சியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடியுங்கள். இரண்டு தகட்டின் நாலு முகத்துக்கும் நாலு சுடர் தெரியும், பூச்சு உள்ள முகத்தில் மட்டும் வேறு நிறம். உங்களிடமிருந்து எண்ணினால் அது இரண்டாவதாக இருக்க வேண்டும். அப்போதுதான் வெயில் வெளியிலேயே நிற்கும். இங்கே பனிக்கு அது மூன்றாவது, உள்ளே இருக்கும் சூட்டைக் காப்பாற்ற. உங்கள் ஆட்கள்தான் கவனம் தப்பித் திருப்பி மாட்டியிருப்பார்கள். சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும்.

சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

உங்கள் மனைவி

மே 27

மகாராணிக்கு,

பார்த்தேன். எல்லாவற்றிலும் மூன்றாவது சுடர்தான் வேறு நிறம். நீ சொன்னது சரி, என் ஆட்கள் ஸ்டிக்கரைப் பார்க்காமல் மாட்டிவிட்டார்கள். தப்பு என்னுடையது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொன்றாகக் கழற்றித் திருப்ப டிசம்பர் ஆகும். விசாவை மறந்துவிடு. என்னைத் திட்டு, ஆனால் எனக்காக இனிமேல் காத்திருக்காதே.

அங்கே யாரிடமும் இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 16

என்னங்க,

கல்யாணமாகிப் பதினோரு வருடமாகியும் உங்களுக்கு ஒழுங்காக ஒரு பொய் சொல்ல வரவில்லை. மே மூன்றாம் தேதி ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்து மாட்டினீர்கள். இருபத்தேழாம் தேதி பார்க்காமல் மாட்டினீர்களாக்கும்!

உங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் சரக்கு என்றுதான் அந்த ஷிப்டைக் கெஞ்சி வாங்கினேன். மூன்று குளிர்காலமாக ஒட்டிப் பழகிய கை, பனி ஊருக்கு ஒட்டும் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறது. மனசு உங்களிடம் இருந்தது, கண் ஆர்டர் சீட்டைப் பார்க்கவில்லை. பதிவேட்டைத் தேடி எடுத்தேன். நூற்று அறுபத்து நாலுக்கும் என் கையெழுத்துதான்.

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். தவறு எங்களுடையது, மேஸ்திரி மீது குற்றமில்லை என்று ஆஸ்பத்திரிக்கு எழுதியிருக்கிறார்கள். என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலையோடு இங்கே இருக்கும் அனுமதியும் போயிற்று. இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் நன்றாகத் தூங்கினேன், எவ்வளவோ நாளைக்கு அப்புறம்.

உங்கள்மேல் பாசமும் வருகிறது, கோபமும் வருகிறது. இனிமேல் எனக்காகப் பழியைச் சுமப்பதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேளுங்கள்.

திருப்ப வேண்டிய கண்ணாடி இன்னும் நிறைய இருக்கும். நீங்கள் சாரத்தில் நின்று தீக்குச்சியைப் பிடியுங்கள், எண்ணுவதற்கு நான் பக்கத்தில் இருப்பேன். சட்டைப்பையில் இருக்கும் ஸ்டிக்கரைத் தூக்கிப் போடுங்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். அது வந்து சேரும்போது வாங்குவதற்கு இங்கே ஆள் இருக்காது.

உங்கள்
மகாராணி