அணைக்கும் முன் ஒரு நிமிடம்

இன்று காலை ஆரப்பாளையத்தில், பாயின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், புது ஆயில் ஃபில்டரின் அட்டைப்பெட்டியைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. புது ரப்பரும் கொஞ்சம் எண்ணெயும் கலந்த வாசனை. எத்தனை சோப்புப் போட்டுத் துவைத்தாலும் உங்கள் சட்டையை விட்டுப் போகாதது. கடை வாசலில் திண்டுக்கல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பெட்டியைப் பிடித்தபடி நின்றேன்.

“என்னக்கா, மாடல் மாறிருச்சா?” என்றார் பாய்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நீங்கள் செய்வதையே செய்தேன். ஃபில்டரை வெளிச்சத்துக்குத் தூக்கி, மரை போட்ட பெரிய ஓட்டையைச் சுற்றியிருக்கும் சின்ன ஓட்டைகளுக்குள் பார்த்தேன். உள்ளே இருக்கும் ரப்பர் வால்வைத் தீக்குச்சியால் அமுக்கினேன். விறைத்துக்கொண்டு நின்றது, காய்ந்துபோன தோசை மாதிரி. வேறு கொடுங்கள் என்று தள்ளிவைத்தேன்.

“எல்லாம் ஒரே சரக்குதான்க்கா. டப்பாதான் வேற வேற.”

“டர்போ வண்டி பாய். வண்டி நிக்கிறப்ப ஃபில்டருக்குள்ள எண்ணெய் நிக்கணும். அம்புட்டும் கீழ வடிஞ்சிருச்சுன்னா, காலையில ஸ்டார்ட் பண்ணுறப்ப டர்போவுக்கு யாரு எண்ணெய் ஊத்துவா?”

சொல்லி முடித்த பிறகுதான் அது என்னுடைய பேச்சு இல்லை என்று உறைத்தது. பாய்க்கும் உறைத்திருக்க வேண்டும். உள்ளே போய் வேறு பெட்டி எடுத்து வந்தார். அதோடு ஒரு டிரெயின் பிளக்கையும் புது செம்பு வாஷரையும் நான் கேட்காமலே வைத்தார். இன்ஜின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியை அடைக்கிற அந்தச் சின்ன பிளக். கட்டைவிரல் அளவுகூட இல்லை. அதைத் தொடாமல், பெட்டியோடு சேர்த்துப் பைக்குள் தள்ளினேன்.

நாகமலை புதுக்கோட்டையில் நான் ஜெராக்ஸ் கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், இந்தப் பெயரெல்லாம் என் வாயில் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வாடகைக்கு ஓட்டும் காரோடு நீங்கள் என்னை அழைத்துப்போக வருவீர்கள், பரவையில் நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவீர்கள், ஆனால் வண்டியை அணைக்க மாட்டீர்கள் என்பதுதான். இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும். காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் கடுகடுப்பேன்.

“ஒரு நிமிஷம் இரு. ஓடி வந்த டர்போ, இன்ஜினுக்குக் காத்து ஊதுற சாமான். சூட்டோட டக்குன்னு அணைச்சா உள்ள எண்ணெய் கருகிப் போகும். கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்.”

“நானும்தான் நாள் முழுக்க நின்னுட்டு வாரேன். எனக்கு மூச்சு வேணாமா?”

“நீ இறங்கிப் போய் வாங்கு. யாரு வேணாங்குறா.”

கோபமாகக் கதவைச் சாத்திவிட்டுப் போவேன். ஆனால் அந்த ஒரு நிமிடம் நீங்கள் ஸ்டியரிங் மேல் கைவைத்துச் சும்மா உட்கார்ந்திருப்பதை ஜன்னல் வழியே பார்ப்பேன். நாள் முழுக்க ஊர் சுற்றும் மனுஷனுக்கு அந்த ஒரு நிமிடம்தான் ஓய்வு.

பிறகு கால் வீங்கியது. கிட்னி இரண்டும் போய்விட்டது என்றார்கள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நான் வேலையை விட்டேன், டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக உங்கள் வண்டியை நானே ஓட்டினேன். இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டு கியருக்குக் கியர் குறை சொன்னீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி நான் சாவியைத் தொட்டால் போதும், “ஒரு நிமிஷம்” என்பீர்கள். உள்ளே ஊசி காத்திருக்கிறது, முகம் வெளுத்துப் போயிருக்கிறது, அப்போதும் வண்டி மூச்சு வாங்க வேண்டும்.

அங்கே கட்டிலுக்குப் பக்கத்தில் ரத்தம் சுத்தம் செய்கிற அந்தக் குழாயைப் பார்த்து முதல் நாளே கண்டுபிடித்துவிட்டீர்கள். “இது ஃபில்டருதான்” என்றீர்கள். ஒவ்வொரு முறையும் அதைக் கழுவி, உங்கள் பெயர் ஒட்டி, மறுபடி உங்களுக்கே வைப்பார்கள் என்று தெரிந்ததும் டெக்னீஷியன் தம்பியைப் பிடித்துக்கொண்டீர்கள்.

“கழுவிக் கழுவியா போடுவீங்க? ஒரு காருக்குக்கூட நான் இப்படிப் பண்ணதில்ல தம்பி.”

“டெஸ்ட் பண்ணித்தான் சார் வைப்போம். எல்லா இடத்திலயும் இப்படித்தான்.”

அவர் போனதும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அது உங்களுக்குத் தெரியாது.

உங்கள் பிடிவாதத்துக்கு வருகிறேன். சொல்லாமல் விட முடியாது. உங்களுக்கு இடது கைப் பழக்கம். வலது கையில் நரம்பு சரியில்லை என்று, டயாலிசிஸ் ஊசிக்கான ஆபரேஷனை அந்த இடது கையில்தான் செய்தார்கள். அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது, முறுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லாத நாள் இல்லை. அப்படியிருந்தும் ஆயில் மாற்றும் நாள் வந்ததும் முத்தண்ணன் ஷெட்டுக்கு விடச் சொன்னீர்கள். உங்களோடு ஒன்றாய் லாரி ஓட்டியவர், வண்டிக்கடியில் பாதி ஆயுளைக் கழித்தவர். அவரை நம்பாமல், வண்டிக்கடியில் நின்று வேலை பார்க்கும் பள்ளத்தில் நீங்களே இறங்கினீர்கள்.

“மாப்ள, மேல ஏறு. நான் இறுக்குறேன்.”

“மத்ததெல்லாம் நீ பாருண்ணே. இந்த பிளக்க மட்டும் நான்தான். ரொம்ப இறுக்குனா மரை போயிரும், விட்டா கழண்டுரும். அளவு என் கைக்குத்தான் தெரியும்.”

அளவு தெரிந்தது உங்கள் இடது கைக்கு. இறுக்கியது வலது கை, அதுவும் நோயில் பாதி வற்றிப்போன கை. முத்தண்ணன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். உங்கள் வேலையை உங்களிடமிருந்து பிடுங்க எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை. பள்ளத்திலிருந்து ஏறி வந்தபோது உங்கள் முகத்தில் அத்தனை நாளாய் இல்லாத களை இருந்தது.

அடுத்த டயாலிசிஸுக்குப் போகும்போதுதான், விளாங்குடி தாண்டியதும், அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணெய்க் கேன் படம் போட்ட விளக்கு. எனக்குப் புரிவதற்குள் உங்களுக்குப் புரிந்துவிட்டது.

“அணை.”

“இந்தா, ஆஸ்பத்திரி வந்துருச்சுங்க. கொஞ்ச தூரந்தான்.”

“அணைங்குறேன்ல. இப்பவே அணை.”

நான் அணைக்கவில்லை. நீங்களே எட்டிச் சாவியைத் திருப்பிவிட்டீர்கள். ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. எப்படியோ ஓரம் கட்டினேன். ஒரு நிமிடம் என்று எத்தனையோ தடவை சொன்ன மனுஷன், அன்று மட்டும் ஒரு நொடியும் தரவில்லை.

இறங்கிப் பார்த்தால் நாம் வந்த வழி முழுக்க ரோட்டில் எண்ணெய்க் கோடு. அடியில் பிளக் இருந்த இடம் ஓட்டையாய் இருந்தது. நீங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்தீர்கள். யார் இறுக்கியது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் மாட்டேன். வலது கையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நெஞ்சு வேகமாய் ஏறி இறங்கியது, உதடு கறுத்திருந்தது.

“உசுரு பெருசா வண்டி பெருசா?” என்று ரோட்டில் வைத்து உங்களைப் பார்த்துக் கத்தினேன். எனக்கு அப்போது வெட்கமெல்லாம் இல்லை.

“இன்ஜின் போச்சுன்னா நீ என்னத்த வச்சுப் பொழப்ப?” என்றீர்கள். “நான் இன்னும் எம்புட்டு நாளைக்கு? வண்டி இருந்தா நீ பொழச்சுக்கிடுவ.”

அந்த வெயிலில் ஒரு ஆட்டோவும் காலியாய் வரவில்லை. கடைசியில் ஒன்று வந்து, ஏறி, போய்ச் சேர்ந்தபோது உங்கள் மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். அவரும் நோயாளிதான், அவரை எழுப்பச் சொல்ல முடியுமா? சாயந்திரம்தான் மெஷின் ஒழிந்தது. அதற்குள் நுரையீரலில் தண்ணீர் சேர்ந்து, உங்களை மேல்மாடி வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

மறுநாள் முத்தண்ணன் போன் செய்தார். வண்டியை இழுத்துப்போய்ப் புது பிளக், புது ஃபில்டர், புது எண்ணெய் எல்லாம் போட்டிருந்தார். ஸ்டார்ட் செய்து போனை இன்ஜின் பக்கத்தில் பிடித்தார். நான் என் போனை உங்கள் காதில் வைத்தேன். ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். ரொம்ப நேரம் கேட்டீர்கள். பிறகு மாஸ்க்கை விலக்கி, “டர்போ சத்தம் சுத்தமா இருக்கு” என்றீர்கள். உங்கள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் பக்கத்திலேயே கிடக்கிறேன், என்னைப் பார்த்து ஒருநாள் அந்த நிம்மதி வந்ததா என்று நினைத்தேன். அந்த நிம்மதியே எனக்காகத்தான் என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை.

அன்று மத்தியானம் மருந்து வாங்கக் கீழே போனேன். “வாரேங்க” என்றதற்குத் தலையசைத்தீர்கள். திரும்பி வந்தபோது உங்கள் கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள்.

இதயம் ஏற்கெனவே பலவீனம், அந்தத் தாமதத்தால்தான் உயிர் போனது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. நானும் எத்தனையோ சவாரியில், விளாங்குடிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் அந்தத் தூரத்தைக் கடந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும், விளக்கு எரிந்தாலும் ஓட்டிக்கொண்டே போயிருந்தால் என்று ஒரு மனம் கணக்குப் போடுகிறது. விடை வருவதில்லை. வண்டியைப் பார்த்தால் ஆத்திரம் வருகிறது. அதே வண்டிதான் சோறு போடுகிறது.

இன்று பாய் கடையிலிருந்து நேராக முத்தண்ணன் ஷெட்டுக்குப் போனேன். பழைய எண்ணெய் வடிந்ததும் பிளக்கைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு அவர் தயங்கினார். “நீ இறுக்குறியாத்தா?” என்றார். உங்கள் வண்டி, உங்கள் வழக்கம், அதனால் கேட்டிருப்பார்.

“இல்லண்ணே. உங்களுக்குத்தான் தெம்பு இருக்கு. நீங்களே இறுக்குங்க.”

எனக்கு உங்கள் பிடிவாதம் வேண்டாம். அவர் இறுக்கி, புது எண்ணெய் ஊற்றினார். நான் பள்ளத்தில் இறங்கி, துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது, ஒரு சொட்டும் கசியவில்லை. மேலே ஏறும்போது முத்தண்ணன் கை கொடுத்தார், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

சவாரி முடித்து இப்போதுதான் வீட்டு வாசலில் வந்து நிறுத்தினேன். அணைக்கவில்லை. யாரை எங்கே இறக்கிவிட்டாலும் இப்படித்தான். “என்னக்கா, அணைக்கலையா?” என்று கேட்பார்கள். டர்போவைப் பற்றிச் சொல்வேன், கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள். வண்டிக்கு நாள்தோறும் கொடுத்த ஒரு நிமிடத்தை எனக்கு ஒரு தடவை கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம் நீங்கள். மருந்துச் சீட்டோடு நான் படியேறி வருகிறவரைக்கும்.

ஸ்டியரிங் மேல் கைவைத்து, காலியாய்க் கிடக்கும் இடப்பக்க சீட்டைப் பார்த்து, அந்த ஒரு நிமிடம் முழுக்க உங்களைத் திட்டுகிறேன். பிறகு சாவியைத் திருப்புகிறேன்.