ஏழரை மணி சீரியலும் மஞ்சள் காமாலையும்

12 செப்டம்பர் 2024, வியாழன்

ஜனக்புரி மாலில் மாலைக் காட்சி. படத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடும். ஹீரோ இடைவேளைக்குள் அறுபது பேரை வெட்டிவிட்டான். வெட்டுப்பட்டவன் ஒருத்தனுக்கும் வீடு வாசல், பெண்டாட்டி பிள்ளை கிடையாது போலிருக்கிறது. அப்புறம் ஆஸ்பத்திரி சீன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அப்போதே தெரிந்துவிட்டது, ஹீரோவின் அம்மா காலி. நம் சினிமாவில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினால் ஆள் தேறாது. முப்பத்தாறு வருஷம் டெல்லியில் லோதி ரோடு ஆபீஸில் கோப்பு பார்த்தவன் நான். இப்படி ஒரு கோப்பு என் மேஜைக்கு வந்திருந்தால் மூன்றாம் பக்கத்திலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

அருக்காணி அழுதாள். "பாவமுங்க அந்தம்மா" என்றாள். நாற்பத்தொரு வருஷமாக இவளோடு படம் பார்க்கிறேன், இவள் அழாமல் வெளியே வந்த படம் எதுவும் இல்லை. வரும்போது ஆட்டோவில் முதுகு வலிக்கிறது என்றாள். மூன்று மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் வலிக்காது?

29 செப்டம்பர், ஞாயிறு

டிவியில் ஒரு மலையாளப் படம். ஒரு தபால்காரன், ஒரு பாலம், ஒரு மழை. வேறொன்றும் இல்லை. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. இவர்களால் மட்டும் எப்படி முடிகிறது?

கீழே ஓடும் ஆங்கில எழுத்தை நான்தான் அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அருக்காணிக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். இந்தி பேசுவாள், காய்கறிக்காரனைத் திணறடிக்கிற அளவுக்குப் பேசுவாள். ஆங்கிலம் என்றால் நான். பாங்க் கடிதம், மருந்துச் சீட்டு, படத்தின் கீழெழுத்து எல்லாவற்றுக்கும் நான் சொன்னால் சொன்னதுதான். சோம்பல் வந்தால் நாலு வரியை ஒரு வரி ஆக்கிவிடுவேன். "அத்தன நேரம் பேசுனான், இம்புட்டுத்தானுங்களா?" என்பாள். இம்புட்டுத்தான் என்பேன். நம்பிவிடுவாள்.

சாப்பாடு சரியாக இறங்கவில்லை அவளுக்கு. வாயு என்கிறாள்.

8 அக்டோபர்

கண் மஞ்சளாக இருக்கிறது. எதிர் வீட்டு பஞ்சாபி அம்மா பார்த்தவுடன் சொல்லிவிட்டாள் – பீலியா, காமாலைதான், கரும்புச் சாறு கொடுங்கள் என்று.

19 அக்டோபர், சனி

இந்த டாக்டர் கண்ணாடியே போடவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "பேஷண்ட் வெளியே உட்காரட்டும்" என்றார். பின்னணி இசை இல்லை. பக்கத்து அறையில் யாரோ பார்க்கிங் சீட்டைத் தொலைத்துவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

கணையத்தில் புற்று. ஈரலுக்கும் போய்விட்டது. அறுவை சிகிச்சைக்கான கட்டம் தாண்டிவிட்டது. பித்தம் இறங்க ஒரு குழாய் வைப்பார்கள், மஞ்சள் கொஞ்சம் குறையும். "நாலு மாசம், ஆறு மாசம். அவங்களுக்கு எங்கேயாவது போகணும், யாரையாவது பாக்கணும்னா அடுத்த ரெண்டு மாசத்துல செஞ்சிடுங்க. இப்போ உடம்புல தெம்பு இருக்கு." இதை இந்தியில் சொன்னார். நான் "ஜி, ஜி" என்று தலையாட்டினேன். சம்பளக் கமிஷன் சுற்றறிக்கைக்கு ஆட்டுவது மாதிரி.

வெளியே அருக்காணி பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ரிப்போர்ட். ஆங்கிலத்தில் எட்டுப் பக்கம்.

"என்னுங்க எழுதியிருக்கு?"

"காமாலைதான். பித்தப்பையில கல்லு. குழாய் வெச்சா சரியாயிடும்."

இம்புட்டுத்தானுங்களா என்றுகூடக் கேட்கவில்லை.

20 அக்டோபர்

ஷ்ரவண் குருகிராமிலிருந்து வந்தான். பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு அழுதான். "அப்பா, ப்ளீஸ், அம்மாகிட்ட சொல்லாதீங்க. அம்மா தாங்காதுப்பா. தெரிஞ்சா அடுத்த வாரமே போயிடும். ஹோப் வேணும்பா." நான் சரி என்றேன். அவன் கேட்காவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு வாய் வராது. அவன் கேட்டது எனக்கு வசதியாகப் போயிற்று, அவ்வளவுதான்.

2 நவம்பர்

குழாய் வைத்துப் பத்து நாள். மஞ்சள் குறைந்திருக்கிறது. அவளுக்கு ஒரே சந்தோஷம். வெளியே தீபாவளிப் புகை, எதிர் பிளாக் தெரியவில்லை.

காமாலை என்று சொன்னேன் அல்லவா? பத்தியம் ஆரம்பித்துவிட்டாள். கோபிப்பக்கத்துக்காரிக்குக் காமாலைப் பத்தியம் எப்படி என்று நான் சொல்லித்தர வேண்டுமா? எண்ணெய் கிடையாது, புளி கிடையாது, காரம் கிடையாது, உப்பு பேருக்கு. காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்து மோரில். பார்க்கில் வேலியோரம் தானாக முளைத்துக் கிடக்கிறது, தினமும் நான்தான் பறித்து வருகிறேன். மோர் சாதத்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குகிறாள். டாக்டர் சொன்னது – பிடித்ததெல்லாம் கொடுங்கள், எவ்வளவு சாப்பிட முடிகிறதோ அவ்வளவு நல்லது என்று.

"கொஞ்சம் ரசம் ஊத்திக்கோ, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"ஆம்பளைகளுக்கு என்னுங்க தெரியும்? பத்தியம் முறிஞ்சா காமாலை திரும்பி வந்தரும்."

மறுபடி மோரையே ஊற்றினேன்.

9 நவம்பர்

அவள் தங்கை தமிழ்செல்வியின் மகளுக்கு 20ஆம் தேதி கோபியில் கல்யாணம். ஆறு மாதமாக இதே பேச்சு. இன்று அவளே சொல்லிவிட்டாள், வரவில்லை என்று. கல்யாண வீட்டுச் சாப்பாடு ஆகாதாம். எதிரில் பந்தி போட்டால் வாயைக் கட்ட முடியாதாம். "உடம்பு தேறட்டுமுங்க. தைக்கு மேல போயி நாலு மாசம் இருந்துட்டு வரேன். வளைகாப்பையும் பாத்துட்டே வந்தரலாம்." போனில் தங்கையிடமும் அதையே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கையில் ரிமோட். டிக்கெட் பார்க்கட்டுமா என்று ஒரு வார்த்தை – ஒரே ஒரு வார்த்தை – கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? அவள் ஏன் என்று கேட்பாள். காமாலைக்காரியை எதற்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்பாள். அப்போது என்ன சொல்வேன்?

சானல் மாற்றினேன்.

20 நவம்பர்

கல்யாணத்தை வீடியோ காலில் பார்த்தோம். முகூர்த்த நேரத்தில் படம் நின்றுவிட்டது. தாலி கட்டியதைப் பார்க்கவில்லை. அருக்காணி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை தோளில் நிற்கவில்லை.

5 டிசம்பர்

ஏழரை மணி சீரியல். இதைப் பற்றி எழுதுவது மைக்கும் காகிதத்துக்கும் தண்டம் என்று இத்தனை நாள் விட்டுவிட்டேன். மாமியாருக்குப் புற்றுநோய். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பால்காரனுக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. ஐம்பது எபிசோடாக இதே இழுவை. ஒவ்வொருத்தனும் கதவுக்குப் பின்னால் நின்று அழுகிறான். அவள் திரும்பினால் சிரிக்கிறான். இதை எழுதினவனைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க வேண்டும்.

அருக்காணி டிவியைப் பார்த்துத் திட்டினாள். "சொல்லித் தொலைங்கடா! அந்தம்மா என்ன கொழந்தையா? பீரோச் சாவி யாருகிட்டக் குடுக்கோணும், நகையை யாருக்குப் போடோணும்னு அதுக்கு ஒரு நெனப்பு இருக்காதா?"

என் பக்கம் திரும்பினாள். "என்னுங்க, நாஞ் சொல்றது?"

"சீரியல்தானே" என்றேன்.

த்தூ. நானும் ஒரு மனுஷன்.

17 டிசம்பர்

மஞ்சள் திரும்பிவிட்டது. முன்னைவிட மோசம். குழாய் அடைத்திருக்கும் என்றார்கள், போன வாரம் மாற்றினார்கள், அப்படியும் இறங்கவில்லை. எடை நாற்பத்திரண்டு. படம் ஒன்றும் பார்க்கவில்லை.

21 டிசம்பர், சனி

எழுதியே ஆக வேண்டும்.

காலையில் மோர் சாதம் கொண்டுபோனேன். தட்டைத் தள்ளிவிட்டு அழ ஆரம்பித்தாள். படத்துக்கு அழுகிற அழுகை இல்லை. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. வையாதீங்க. கார்த்திகை பொறந்தன்னிக்கு ஒரு துண்டு எலுமிச்சங்கா ஊறுகா எடுத்துத் தின்னுபோட்டேன். ஒரே ஒரு துண்டு. நாக்கு செத்துக் கெடந்துதுங்க. அதனாலதான் திரும்பி வந்துருச்சு. நீங்க தெனமும் பார்க்குல குனிஞ்சு குனிஞ்சு தழை பறிச்சீங்க, ஷ்ரவண் ஆபீஸ உட்டுட்டு ஓடி ஓடி வந்தான். நாந்தானுங்க கெடுத்துக்கிட்டேன்."

கையெடுத்துக் கும்பிட்டாள். என்னை! அய்யோ, என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. காமாலை இல்லை அருக்காணி, ஊறுகாயால ஒண்ணுமில்லை, இது வேற, இது முதல்லயே வேற என்று ஏதோ உளறினேன். புற்று என்ற சொல்லை இரண்டு தரம் விழுங்கி மூன்றாம் தரம் சொன்னேன்.

அழுகையை நிறுத்திவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எப்பருந்துங்க தெரியும்?" என்றாள்.

"அக்டோபர்."

"அக்டோபர்ல எப்ப?"

"பத்தொம்பது."

மனதுக்குள் கணக்குப் போட்டாள். எனக்குத் தெரிந்தது.

"அப்பக் கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே. நான் வரலைன்னு தமிழுகிட்டச் சொன்னப்ப பக்கத்துல உக்காந்திருந்தீங்க."

"ஆமா."

"ரெண்டு மாசம் உப்பில்லாத சோறு தின்னனே. அதையும் பாத்துட்டு இருந்தீங்க."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஷ்ரவணுக்குப் போன் செய்து சொன்னேன். அவன் கத்தினான். கத்தட்டும்.

23 டிசம்பர்

அரிசியும் பருப்புஞ் சாதம் கேட்டாள், நெய் ஊற்றி, ஊறுகாயோடு. நானே செய்தேன், அவள் கட்டிலிலிருந்து பக்குவம் சொல்லச் சொல்ல. இரண்டு வாய். மூன்றாவது வாயில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. "அக்டோபர்ல தின்னிருக்கலாம்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

8 ஜனவரி 2025

தமிழ்செல்வி வந்திருக்கிறாள். அக்காவைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னிடம் பேசவில்லை. மச்சானுக்குக் காபி வேண்டுமா என்று ஷ்ரவணிடம் கேட்கிறாள்.

10 ஜனவரி

தமிழ்செல்வி கொண்டுவந்த பென்டிரைவில் கல்யாண வீடியோ. மூன்றே முக்கால் மணி நேரம். சாதாரணமாக இதைப் பற்றி நாலு பக்கம் வைதிருப்பேன். ட்ரோன் மண்டபத்தைப் பதினேழு தடவை சுற்றுகிறது. மணமக்கள் வயலில் காரணமில்லாமல் ஓடுகிறார்கள். முகூர்த்தம் இருபது நிமிடம், பந்தி ஒரு மணி நேரம்.

அருக்காணி ஒரு நிமிடம்கூட ஓட்ட விடவில்லை. யார் யார் வந்திருக்கிறார்கள் என்று தங்கையிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். எந்தப் பெரியம்மா, எந்தச் சேலை, யார் வரவில்லை, ஏன் வரவில்லை. அக்காவும் தங்கையும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து சிரித்தார்கள். ஓர் இடத்தில் தமிழ்செல்வி மேடையில் தனியாக நின்று வாசலைப் பார்க்கிறாள். "யாரடி தேடற?" என்றாள் அருக்காணி. அவள் போர்வையை இழுத்து அக்காவின் காலை மூடினாள். நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன்.

கருத்து எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

19 ஜனவரி

தமிழ்செல்வி ஊருக்குப் போய்விட்டாள். மறுபடியும் நாங்கள் இரண்டு பேர். ஈரானியப் படம் ஒன்று போட்டேன், குழந்தைகள் வருகிற படம், அவளுக்குப் பிடிக்கும் என்று. கீழெழுத்தைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"வேண்டாமுங்க" என்றாள். "நீங்க சொல்ல வேண்டாம். நான் மூஞ்சியப் பாத்துக்கறேன்."

முழுப் படத்தையும் அப்படியே பார்த்தோம். என்ன பேசினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. நானும் படிக்கவில்லை. நல்ல படம் என்று நினைக்கிறேன்.

2 பிப்ரவரி, ஞாயிறு

வீட்டுக்கு வருகிற நர்ஸ் பெண் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டுவந்தாள். படித்தேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றையும் விடாமல் சொன்னேன். இனிமேல் குழாய் மாற்ற மாட்டார்கள். வலிக்கு மட்டும் மருந்து. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். நாட்கணக்கு என்று எழுதியிருக்கிறது. அதையும் சொன்னேன். குரல் உடையவில்லை. இந்த ஒரு தடவையாவது ஒழுங்காகச் சொன்னேன்.

அருக்காணி கேட்டுக்கொண்டாள். பிறகு என் கையிலிருந்த சீட்டை மெதுவாக வாங்கி நர்ஸிடம் நீட்டினாள். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று இந்தியில் கேட்டாள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

"உன்கோ மத் தேக்கோ" என்றாள் அருக்காணி. அவரைப் பார்க்காதே, சீட்டைப் பார்த்துச் சொல்.

அவள் படித்துச் சொன்னாள். நான் சொன்னதுதான். ஒரு சொல் கூடுதலும் இல்லை, ஒரு சொல் குறைவும் இல்லை. அருக்காணி கடைசிவரை கேட்டுவிட்டு, "அச்சா" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.