ஏழாவது பாராவில் நான்

என் அம்மாவுக்கு,

நேற்று நம் மாலதி குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்து மனு போட்டுவிட்டாள். நீ இருந்திருந்தால் முதலில் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பாய். அப்புறம் என் பக்கம் திரும்பியிருப்பாய். அந்தப் பார்வைக்கு இப்போதும் எனக்குப் பயம்தான்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கல்யாணத்தை நம் ஊர் பிரெஞ்சு கான்சுலேட்டில் பதிந்துவிட்டால் விசா வந்துவிடும் என்று அவர் சொன்னார். வருஷக்கணக்கில் நம்பினோம். அவர் அங்கே ஒரு தாள்கூடக் கொடுக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்க எனக்கு என்ன வந்தது?

மனுவைப் போடும் முன் வக்கீலம்மா அதை எங்கள் இருவருக்கும் படித்துக் காட்டினார். ஏழாவது பாராவில் நான் வருகிறேன். கணவர் அடித்ததைச் சொல்லி மனுதாரர் தன் அண்ணன் வீட்டுக்கு வந்தார், அண்ணன் அன்றைக்கே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். இவ்வளவுதான். எனக்கு அந்த நாற்காலியில் உட்காரவே கூசியது.

நீ போன மறு வருஷம் நடந்தது அது. மாப்பிள்ளை பிரான்சிலிருந்து லீவில் வந்திருந்தார். காலாப்பட்டில் இருக்கும் புகுந்த வீட்டிலிருந்து மாலதி ஒரு பையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"பேப்பர் என்னாச்சுன்னு கேட்டா கை நீட்டுறாருண்ணா. இங்கயே இருந்துடறேன்."

"விசா வர்ற நேரத்துல வந்து நிக்கிறியே. கொஞ்ச நாள் பல்லக் கடிச்சிக்கினு இரு" என்றேன்.

வண்டியில் கொண்டுபோய் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டேன். அந்த வீட்டு வாசல்வரைகூடப் போகவில்லை அம்மா.

"உங்க அண்ணன்தான் சாட்சி சொல்லணும். எதிர்த்தரப்புல குடைவாங்க. சங்கடமா இருந்தா இந்தப் பாராவ எடுத்துடலாம்" என்று வக்கீலம்மா நேற்று மாலதியிடம் சொன்னார்.

மாலதி என்னைப் பார்த்தாள். "இருக்கட்டும் மேடம். குடும்ப மானம் போயிடும்னு பயந்துதான் அனுப்பிச்சாரு. எங்கண்ணன் கெட்டவரு இல்ல."

மானமா? அவள் பிரான்சுக்குப் போனதும் பின்னாலேயே நானும் போய்விடலாம் என்று பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தேன். அவள் வாழாமல் வந்துவிட்டால் என் காரியம் கெட்டுவிடும். அதற்காகத்தான் அனுப்பினேன். இது அவளுக்குத் தெரியாது. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். நீ திட்ட மாட்டாய் என்கிற தைரியத்தில் சொல்கிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது.

மாலதி டீ போட்டுவிட்டு, அண்ணா என்று கூப்பிடுகிறாள். இதை மடித்து வைத்துவிட்டு, இப்போதே போய் அவளிடம் சொல்லப்போகிறேன். இனி என் முகத்தில் விழிக்காதே என்று அவள் சொன்னாலும், சாட்சிக் கூண்டில் ஏறி அதையே சொல்வேன். இது உனக்குச் செய்துகொடுக்கும் சத்தியம்.

உன் மூத்த பிள்ளை,
மாலதியைத் திருப்பி அனுப்பிய அண்ணன்