கிளிஞ்சல் சூளைக் கணக்கு

அன்புள்ள ஜெனிட்டா,

எரிப்பதற்காக எடுத்த பழைய விடைத்தாள்களில் உன்னுடையதும் இருந்தது. கிளிஞ்சல் சூளையில் சுண்ணாம்பாகும் வினைக்கு, அது எந்தப் பக்கம் நகரும் என்று காட்டும் விகிதமான வினைக் குணகத்தைக் கேட்டிருந்தேன். கரியமில வாயுவை மட்டும் எழுதியிருந்தாய். கிளிஞ்சலையும் சுண்ணாம்பையும் விட்டுவிட்டாய் என்று சுழி போட்டிருக்கிறேன்.

"திடப்பொருளைச் சேர்க்கக் கூடாதுப்பா. எவ்வளவு குவிச்சாலும் அதோட செறிவு மாறாதுல்ல?" என்றாய் அன்று.

"வாத்தியாருக்கே பாடம் எடுக்கிறியா? கெமிஸ்ட்ரி ஆசையை விடு, நர்சிங்குக்குப் போ" என்றேன். போனாய்.

இன்று மூன்று புத்தகங்களில் பார்த்துவிட்டேன். மூன்றிலும் நீ எழுதியதுதான் இருக்கிறது.

நோயாளிக்கு ஊசி போடுமுன் மருந்தின் பெயரை இரண்டு முறை பார்ப்பேன் என்று மஸ்கட்டிலிருந்து எழுதியிருந்தாய். நான் புத்தகத்தை ஒருமுறைகூடத் திறக்காமல் உன் படிப்பையே அடித்துவிட்டேன், அம்மா.

உன் அப்பா